பொழியூர் போகும் வண்டிக்க லைட்டு

பெருங்கடவிளை
11 ஜூன் 2025

தம்பி ராஜதாசுக்கு,

அக்கா சுகிர்தபாய் எழுதுறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு சபை முற்றத்துல நின்னு நீ சொன்னது அங்க நிண்ண எல்லாருக்கும் கேட்டுது. “எக்கா, மெழுகுவர்த்தி போல ஒரு லைட்ட வச்சுக்கிட்டு விடியுமுன்ன மீனெடுக்கப் போறதுக்கு நீ என்ன ஆம்பளையா? வண்டிய வித்துப்போட்டு வீட்டுல இரி. இல்லேண்ணா ஒருநாள் கடல்லதான் உன்னத் தேடணும்.” நிண்ணவங்க சிரிச்சாங்க. “இனி உனக்கட்ட நான் பேசமாட்டேன்லே”ண்ணு சொல்லிட்டு வந்தேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஃபோனுல உனக்க நம்பரையும் அடைச்சாச்சு. ஆனா எழுதமாட்டேன்ணு நான் சொல்லல்ல. அதனால இந்தக் கடிதம், உனக்க வீட்டுக்குப் போற மீனோட, ஆனந்தபாய் கையில வருது. சண்டை உன்னோடதான். உனக்க பெண்டாட்டிக்குக் கொடுக்கிற மீன நான் நிறுத்தமாட்டேன்.

இப்ப காரியத்துக்கு வாறேன். நீ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், நான் வாடிக்கை. எனக்க வண்டிக்கு நூறு வாட் பல்பு ஒண்ணு வேணும்.

காரணமும் சொல்லுறேன். பொழியூர் கரையில கடல் அரிச்ச ரோடு உனக்குத் தெரியும். ஒருபக்கம் கல்லு, மறுபக்கம் ஒண்ணும் கிடையாது. அங்க மெதுவாத்தான் போகமுடியும். மெதுவாப் போனா இந்த வண்டிக்க லைட்டு அணையப்போற விளக்கு போல ஆகுது. ஆக்சிலேட்டர் குடுத்தா எரியுது. வேகமாப் போறவனுக்கு வெளிச்சம், பாத்துப் போறவனுக்கு இருட்டுண்ணா அது என்ன நியாயம்லே?

அதனால கிழக்க வெள்ளை கீறுற வரைக்கும் உச்சக்கடை ஜங்ஷன்ல ஒரு சாயா குடிச்சுக்கிட்டு நிக்கேன். கரைக்குப் போய்ச் சேரும்போ நல்ல மீனை மத்தவங்க ஏலம் எடுத்தாச்சு. நெய்யாற்றின்கரையில கோர்ட்டுக்கு எதிர்ல ஓட்டல் வச்சிருக்க ஸ்ரீகுமாரிக்கு மீன் பிந்திப் போகுது. மத்தியானச் சோத்துக்கு மீன்கறிக்காக அங்க வக்கீல்மாரு வரிசையில நிக்காங்க. காலத்த மீன் வரல்லண்ணா அவ என்ன செய்வா? மினி லாரி வச்சிருக்க தீபு அவ வாசல்ல நாலு தடவை போய் நிண்ணாச்சு. அவனுக்க வண்டிக்கு முன்னால ரெண்டு லைட்டு, காளைக் கண்ணு போல.

ஸ்ரீகுமாரி போனா மத்த ஓட்டல்காரங்களும் அவ பின்னால போவாங்க. அதோட எனக்க யாவாரம் போச்சு. உனக்க அத்தானுக்கு முதுகு போய் படுக்கையில விழுந்தப்போ ஊருல எல்லாரும் எனக்கு வழி சொன்னாங்க, தையல் படி, அங்கன்வாடிக்குப் போண்ணு. நான் அவருக்க பழைய பைக்க எடுத்து கியர் படிச்சேன். இண்ணைக்கு இந்த ரோட்டுல மீன்பெட்டி கெட்டி ஓட்டுற பொம்பள நான் ஒருத்தியாக்கும். அதை ஒரு பல்புக்காக நான் விட்டுக்குடுக்கமாட்டேன்.

பல்பைக் கொடுத்தனுப்பு. அக்காண்ணு விலை குறைக்காதே.

சுகிர்தபாய்

*

பாறசாலை
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சுகிர்தபாய் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் சாளை மீன் செதிள் ஒட்டியிருந்தது.

நூறு வாட் பல்பு தருவதற்கில்லை. கடையில் இருக்கிறது, ஜீப்புக்காரர்களுக்கு. தங்கள் வண்டியில் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், வெளிச்சமோ இப்போது இருப்பதைவிடக் குறையும். காரணம் இதுதான். அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து நேராக வருகிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் கரண்டும் குறையும். காயில் கொடுப்பதே கொஞ்சம். அதில் பெரிய பல்பு போடுவது, ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு வயலுக்குப் பாய்ச்சுவது போல.

பஞ்சர் ஒட்டும் மேசை ஒன்றில் தொடங்கி இந்தக் கடையை நான் உண்டாக்கினேன். ராஜதாஸ் கொடுத்த பல்பால் அவன் அக்காவுக்க வண்டி எரிந்தது என்று ஒருவனும் சொல்ல இடம் கொடுக்கமாட்டேன்.

வண்டியை ஒரு வாரம் என் கடையில் விட்டால் சரிசெய்து தருகிறேன். அதற்கு நீங்கள் என்னிடம் பேச வேண்டியதில்லை. சாவியை மேசைமேல் வைத்தால் போதும்.

சபை முற்றத்தில் சொன்னதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ராஜதாஸ்

சாளை நன்றாக இருந்தது. இதை எழுதச் சொன்னது ஆனந்தபாய்.

*

பெருங்கடவிளை
21 ஜூன் 2025

எலே ராஜதாஸ்,

“மதிப்பிற்குரிய”ண்ணு தொடங்கினதைக் கண்டு, கோர்ட்டு சம்மன் வந்துட்டுண்ணு உனக்க அத்தான் முதுகு வலியையும் மறந்து எழும்பி உக்காந்தாரு. பில்லு மலையாளத்துல எழுதுறவனுக்கு சண்டைக்கு மட்டும் இவ்வளவு நல்ல தமிழ் எங்க இருந்துலே வருது?

ஒரு வாரம் வண்டிய உனக்கட்ட விட்டுட்டு நான் மீனைத் தலையில சுமக்கவா? அதுல இருந்து ஏறி வந்தவளாக்கும் நான். திரும்ப இறங்கமாட்டேன்.

நீ தரல்லண்ணா வேற கடை இல்லியா? களியக்காவிளையில ஒருத்தன் எல்.இ.டி. பல்பு தந்தான். கரண்டு கொஞ்சம் போதும், வெளிச்சம் பால் போல இருக்கும்ணு சொன்னான். அத்தானும் நானும் சேந்து மாட்டினோம். வெள்ளைன்னா வெள்ளை, மாங்காயில இருந்த எறும்பு தெரிஞ்சுது. எனக்கு அண்ணைக்கு இருந்த பெருமைக்கு அளவில்ல. உனக்க கடை வாசல் வழியே வேணும்ணே ரெண்டு தடவை போனேன்.

அடுத்த நாளு அமரவிளை தாண்டி ஒரு வளைவுல, ரப்பர் வெட்டப் போற ராஜன் ஸ்கூட்டர்ல எதிர்ல வந்தான். நான் திரும்பினதும் அவன் கண்ணைப் பொத்திக்கிட்டு நேரா மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள்ள போயிட்டான். நான் வண்டிய நிறுத்திட்டு ஓடினேன். நல்லவேளை, அடி ஒண்ணும் இல்ல. மரச்சீனிக் கம்புக்கு இடையில உக்காந்துக்கிட்டு கேக்கான், “எக்கா, நீயா வந்தே? நான் கர்த்தர் வாறாருண்ணுல்லா நெனச்சேன்!”

“கர்த்தர் வந்தா மீன் வாசம் அடிக்குமாலே?”

“மீன் பிடிச்ச பேதுரு கூட வந்திருப்பாருண்ணு நெனச்சேன்.”

அவனுக்கு ஒரு அயிலை மீன் கோர்வை கொடுத்துச் சமாதானம் ஆக்கினேன். ஆனா எனக்குச் சிரிப்பு வரல்ல. அவன் பின்னால பிள்ளையோ குட்டியோ இருந்திருந்தா? எதிர்ல வாறவன் கண்ணைக் குத்துற வெளிச்சம் எனக்கு வேண்டாம்.

பிறகு மழை. மழையில அந்த வெள்ளை வெளிச்சம் துணி விரிச்சது போல முன்னால நிக்குது, ரோட்டைக் காணல்ல. மறுபடியும் நிண்ணு நிண்ணு போனேன். ஓட்டலுக்குப் போய்ச் சேந்தப்போ ஸ்ரீகுமாரி சோத்துக்கு அரிசி போட்டாச்சு. அவ சத்தம் போடல்ல. அதுதான் எனக்குப் பயம். “சேச்சி, இனி ஒரு திவசம் கூடி வைகிச்சா நான் தீபுவ விளிக்கும். சேச்சி வெஷமிக்கருது”ண்ணு தணிஞ்ச சத்தத்துல சொன்னா. இனி ஒருநாள் பிந்தினா தீபுவக் கூப்பிடுவாளாம், நான் வருத்தப்படக்கூடாதாம்.

பல்பைக் கழத்தி எறிஞ்சாச்சு. இனி நீ சொல்லு. வண்டி உனக்க கடைக்கு வராது, நானும் வரமாட்டேன். ஆனா எனக்குக் கை இருக்கு, அத்தானுக்கு இருந்துக்கிட்டுச் செய்யத் தெரியும். என்ன கழத்தணும், எங்க மாட்டணும்ணு எழுது. கேட்கதுல எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் நான் யாவாரம் படிச்சேன்.

அக்கா

*

பாறசாலை
23 ஜூன் 2025

அக்காவுக்கு,

பேதுரு விஷயத்தை ஆனந்தபாய் வாசித்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

கடை முன்னால் நீ ரெண்டு தடவை போனதைக் கண்டேன். பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போகிறவள் யாரென்று கடையில் நின்ற கஸ்டமர் கேட்டான். தெரியாது என்றேன்.

சரி, கவனமாக வாசி. வேலை மூன்று.

காயில்தான் முதலில். அதன் ஒரு நுனி அதைத் தாங்கும் பிளேட்டோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்துத் தனி வயராக வெளியே எடுத்தால்தான் காயிலுக்க முழுக் கரண்டும் பேட்டரிக்குக் கிடைக்கும். அந்த ஈயப் பற்றை நான்தான் வைக்கணும், உங்களால் முடியாது. சனிக்கிழமை நீ மீன் வேலை முடித்து வந்த பிறகு அத்தான் பிளேட்டைக் கழற்றட்டும். காந்தச் சக்கரத்தை இழுக்கிற புல்லர் இந்தப் பையில் இருக்கிறது. கழற்றுமுன் பிளேட்டிலும் என்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள். திரும்ப வைக்கும்போது அந்தக் கோடு மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனந்தபாய் பஸ்ஸில் வந்து பிளேட்டை வாங்கிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு நீ பொழியூர் போவதில்லை, கரையிலும் வள்ளம் இறங்காது. யாவாரம் கெடாது.

அடுத்தது, காயில் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரும் பெரிய பேட்டரியும். பழைய இடத்தில் மாட்டினால் போதும். இனி லைட்டு பேட்டரியிலிருந்து எரியும். என்ஜின் மெதுவானாலும் மங்காது.

பிறகு ரிலே. பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும். பல்புக்குப் போகும் கரண்ட் தடித்த சிவப்பு வயரில் நேராகப் போகும். ஃபியூஸ் வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிட்டுக் கம்பி சுற்றாதே. உன்னை எனக்குத் தெரியும்.

ஹெட்லைட்டுக்குக் கண்ணாடி டூம் ஒன்று அனுப்புகிறேன். பிளாஸ்டிக் டூம் சூட்டில் மங்கிவிடும். பல்பு வண்டிக்கு ஏற்ற சாதாரண ஹாலோஜன். மஞ்சள் சாயல் உண்டு. மழையில் அதுதான் ரோட்டைக் காட்டும்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைச் சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்து. பல்பு நிற்கும் உயரத்தில் சுவரில் கோடு போடு. டிம் அடித்தால் வெளிச்சத்துக்க மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கணும். அப்படி நின்றால் ராஜன் மரச்சீனிக்குள் போகமாட்டான்.

தம்பி ராஜதாஸ்

*

பெருங்கடவிளை
2 ஜூலை 2025

தம்பி,

சபையில ஆனந்தபாய் காயிலைப் பாமாலைப் புத்தகப் பையில வச்சு எனக்கட்டத் தந்தா. பாட்டுக்கு எழும்பும்போ “டங்”ணு அது பெஞ்சில இடிச்சுது. சபை ஐயரு பிரசங்க மேடையில இருந்து ஒரு பார்வை பாத்தாரு.

நீ எழுதினது போல எல்லாம் செய்தோம். கோடு கீறினோம், ஃபியூஸ்ல கம்பி சுத்தல்ல. அத்தான் ஸ்டூல்ல இருந்து சொன்னாரு, நான் முறுக்கினேன். ஒரே உதையில ஸ்டார்ட். என்ஜின் தூங்குறது போல ஓடும்போதும் லைட்டு அசையாம நிக்குது. அத்தான் பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு, ஆக்சிலேட்டரை விட்டுக் காட்டினாரு. ஆனா கேளு, ஒருத்தருக்கும் எதுக்குக் கூப்பிட்டாருண்ணு மனசிலாகல்ல.

எங்க வீட்டுப் பின்சுவருல கரிக்கட்டையால கோடு போட்டேன். வெளிச்சம் கோட்டுக்குக் கீழ அளந்து வெட்டினது போல நிண்ணுது.

திங்கக்கிழமை காலத்த பொழியூர் இறங்கினேன் பாரு, ராஜா போல! கடல் அரிச்ச இடத்துல கல்லு கல்லாத் தெரிஞ்சுது. கரையில நான்தான் முதல் ஆளு. நல்ல அயிலையா எடுத்தேன்.

இனி உள்ளதைச் சொல்லுறேன். திரும்பி வரும்போ ரோட்டைக் காணல்ல. வெளிச்சம் இருக்கு, மங்கல்ல. ஆனா அது எல்லாம் தெங்கு மண்டையில அடிக்குது! வழி நெடுக ஒவ்வொரு தெங்கா கொண்டைய எண்ணிக்கிட்டு வாறேன். எதிர்ல வந்த பால்காரன் திட்டிட்டுப் போறான். நேத்தும் இப்படித்தான், இண்ணைக்கும் இப்படித்தான். ஓட்டல்ல அரிசி போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஓடிப்போய்ச் சேந்தேன்.

போகும்போ ரோட்டுல விழுற வெளிச்சம் வரும்போ எப்படிலே மரத்துல ஏறுது? நீ தந்த டூம் கண்ணாடிக்குள்ள ஏதோ லூசு. மாத்தித் தா.

அக்கா

*

பாறசாலை
3 ஜூலை 2025

அக்காவுக்கு,

டூமில் ஒரு குறையும் இல்லை. நான் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்காமல் ஒரு சாமானும் கடையை விட்டுப் போகாது.

நேற்று நீ எங்கள் வாசலில் நின்று ஆனந்தபாய்க்கு மீன் எடுத்துக் கொடுக்கும்போது நான் சன்னல் வழியாக உன் வண்டியைப் பார்த்தேன். டூம் வண்டியில் நேராகத்தான் இருக்கிறது. சாயவில்லை, பிராக்கெட் நட்டும் இறுக்கமாக இருக்கிறது. கோடு போட்ட சுவருதான் சரிவான இடத்தில் இருந்திருக்கும். அல்லது நீ கோட்டுக்கு மேலே வைத்துவிட்டு என்னிடம் கீழே என்கிறாய்.

இந்தப் பாறசாலையில் நான் நேராக்கிய லைட்டைத் திரும்ப நேராக்கு என்று ஒருத்தனும் வந்ததில்லை.

ராஜதாஸ்

சன்னல் வழியே பார்த்ததை நீ பேசியதாகக் கணக்கு வைக்காதே.

*

பெருங்கடவிளை
12 ஜூலை 2025

எலே மக்கா ராஜதாஸ்,

நாற்காலியில நல்லா இருந்துக்கிட்டு வாசி. கண்டுபிடிச்சாச்சு. கண்டுபிடிச்சது நீயும் இல்ல, அத்தானும் இல்ல, நானாக்கும்.

இந்த வாரம் ரெண்டு நாளு கரையில மீன் கிடையாது. காத்து, வள்ளம் சரியா இறங்கல்ல. பெட்டியில கால்வாசிதான். அந்த ரெண்டு நாளும் திரும்பி வரும்போ லைட்டு ரோட்டுல நல்லா நிண்ணுது. அடடா, அதுவாத் தானே சரியாயிட்டுண்ணு நெனச்சேன். இண்ணைக்குச் சாளை கொட்டோ கொட்டுண்ணு கொட்டிச்சு. பெட்டிய நிறைச்சேன், மேல ஐசும் போட்டேன், வண்டிய எடுத்தேன். திரும்பவும் தெங்கு!

அங்கேயே வண்டிய நிறுத்தினேன். மீன் இல்லாத நாளு ரோடு தெரியுது, மீன் உள்ள நாளு தெங்கு தெரியுது. யாவாரம் செய்யுறவளுக்கு இது போதும்லே.

கரைக்குத் திரும்பி, அங்க ஏத்தி வச்சிருந்த ஒரு வள்ளத்துக்கு நேரா வண்டிய நிறுத்தி லைட்ட அடிச்சேன். பெட்டிய இறக்கினேன். வெளிச்சம் வள்ளத்துக்க கீழ்ப்பலகையில நிண்ணுது. கூட மீனெடுக்கிற விலாசினிய விளிச்சு, “பிள்ளே, வண்டிக்குப் பின்னால ஏறி இரி”ண்ணு சொன்னேன்.

“எக்கா, நான் ஏறினா வண்டி தாங்குமா?”

“எனக்கு இப்ப வேண்டியது உனக்க கனந்தான். ஏறுட்டீ!”

அவ ஏறினா. வெளிச்சம் ஒரு பலகை மேல ஏறிச்சு. “இனி ஒரு ஆளு”ண்ணு சொன்னேன். அவ தங்கச்சியும் கேறினா. வெளிச்சம் வள்ளத்துக்க பேர் எழுதின இடத்தைத் தாண்டி ஆகாசத்துக்குப் போயிட்டு. வலை உதறிக்கிட்டிருந்த ஆம்பளையெல்லாம் சுத்தி நிண்ணு சிரிக்கான். ஒருத்தன் கேக்கான், “சுகிர்தபாயக்கா, பொம்பளையள ஏத்திக்கிட்டு எங்க, சர்க்கஸுக்கா?” நான் சொன்னேன், “படிக்கேன்லே. உனக்குத் தெரியாதது ஒண்ணு படிக்கேன்.”

விசயம் இதுதான். பின்னால கனம் கேறினா வண்டி பின்னால தாழுது, மூக்கு மேல போகுது. நீ சன்னல்ல இருந்து பாத்தப்போ டூம் வண்டிக்கு நேராத்தான் இருந்துது. வண்டிதான் ரோட்டுக்கு நேரா இல்ல!

உன்னையும் குத்தம் சொல்லமாட்டேன், என்னையும் சொல்லமாட்டேன். எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மீன்பெட்டி வீட்டு வாசல் மிதிக்காது. கழுவி ரோட்டுமுக்குக் கடையில கவுத்து வச்சுட்டுத்தான் வருவேன். அதனால வீட்டுச் சுவருக்கு முன்னால நிண்ண வண்டி வெறும் வண்டி. உனக்க கடைக்கும் ஒருத்தனும் மீனோடயோ வாழைக்குலையோடயோ வரமாட்டான். நாற்றமும் வச்சுக்கிட்டு மெக்கானிக் முன்னால நிக்கது மரியாதை இல்லேண்ணு எல்லாம் இறக்கி வச்சுட்டுத்தான் வருவான். நீ ஆயுசுக்கும் பாத்தது பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை போல குளிச்சு வந்த வண்டி.

இனி எனக்கு வேண்டியது. போகும்போ வெறும் வண்டி, வரும்போ நிறை வண்டி. டூமுக்கு ரெண்டு பக்கமும் பிடிக்கிற நட்டை ஸ்பானர் இல்லாம கையாலேயே லூசாக்கி, சாய்ச்சு, முறுக்குற மாதிரி ஏதாவது செய்துதா. ரெண்டு அடையாளம் போட்டுக்கலாம். கரையில பெட்டிய கெட்டினதும் ஒரு திருப்பு. அவ்வளவுதான்.

முடியுமாண்ணு கேட்கல்ல. எண்ணைக்குத் தருவேண்ணு கேட்கேன்.

அக்கா

*

பாறசாலை
14 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடைப் பையனுக்க வண்டியில் ரெண்டு சாக்கு அரிசி கெட்டி, கடைச்சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன். நீ சொன்னதுதான். வெளிச்சம் என் கடைப் பெயர்ப் பலகைக்கு மேலே போயிற்று. பிறகு எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் என்று கேட்காதே. இத்தனை மெக்கானிக்குகள் இருக்கிற ஊரில் இதைப் பிடித்தது எங்கள் வீட்டுப் பொம்பள.

லேத்தில் கொடுத்து, கைக்குப் பிடி கிடைக்கிற ரெண்டு பித்தளைத் திருகு கடைந்து வாங்கினேன். நடுவில் ரப்பர் வாஷர் உண்டு, அதிர்வில் நழுவாது. டூம் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் வெறும் வண்டிக்கு, சிவப்பு நிறை வண்டிக்கு. எங்கே போடணும் என்பதை நான் சொல்லமுடியாது. பெட்டியை நிறைத்து, சமதரையில் நிறுத்தி, நீயே பார்த்துப் போடு. அளவு உன்னுடையது.

பின் ஷாக்அப்சார்பர் ஸ்பிரிங்குக்குக் கீழே படிபோல வெட்டு இருக்கும். அதை ஒரு படி ஏற்றி வை. தாழ்வது குறையும். அதைத் திருகும் ஸ்பானர் பையில் இருக்கிறது.

ராஜதாஸ்

*

பெருங்கடவிளை
4 ஆகஸ்ட் 2025

தம்பி,

விசைப்படகுக்குள்ள டிராலிங் தடை முடிஞ்சது உனக்குத் தெரியும். ஹார்பர்ல எல்லாம் மீன் மலை போல குவிஞ்சு கிடக்கு, விலையும் இறங்கிப் போச்சு. நான் எதிர்பாத்ததுதான். ஸ்ரீகுமாரி என்ன செய்தாண்ணா, சனிக்கிழமைக்கு எனக்கும் மீன் சொன்னா, தீபுவுக்கும் சொன்னா. ரெண்டுபேருக்கும் தெரியாம. ஆரு முதல்ல வாறான், ஆருக்க மீன் நல்லதுண்ணு பாக்கணும். எனக்குக் கோபம் இல்ல. நானும் யாவாரிதான், அவ இடத்துல நானும் அதைத்தான் செய்வேன்.

அண்ணைக்குப் பெய்த மழை உனக்கு நெனவிருக்கும். போகும்போ வெள்ளைக் கோட்டுல வச்சுக்கிட்டுப் போனேன். கரையில ஏலம் எடுத்து, பெட்டிய கெட்டி, சிவப்புல திருப்பினேன். மழையில அந்த மஞ்ச வெளிச்சம் ரோட்ட ஒட்டிக்கிட்டு எனக்கு முன்னால போகுது. அரிச்ச இடத்துல ஒரு ஆளு நடந்து போற வேகத்துல போனேன், ஒவ்வொரு கல்லையும் பேரு சொல்லிக் கூப்பிடலாம். எதிர்ல வந்த பஸ்காரன் லைட்ட டிம் செய்து எனக்கு மரியாதை தந்துட்டுப் போறான்.

ஓட்டலுக்குப் போய்ச் சேந்தப்போ ஷட்டர் திறக்கல்ல. நான் தட்டினேன். ஸ்ரீகுமாரி முடிய வாரிக் கெட்டிக்கிட்டே வந்து, “ஐயோ சேச்சி, ஈ மழயத்தா?”ண்ணு நான் அந்த மழையில வந்ததைப் பாத்துக் கேட்டா. பெட்டியத் திறந்து ஒரு அயிலைக்க செவுள விரிச்சுப் பாத்தா. செம்பருத்திப் பூ போல இருந்துது. நல்லா விடிஞ்ச பிறகு தீபுவுக்க மினி லாரி வந்துது. அவன் மீனும் கெட்டதில்ல, ஆனா ஹார்பர் ஐசுல ஒரு நாளு கிடந்த மீன். ஸ்ரீகுமாரி அவனுக்கட்ட சொன்னா, “தீபூ, சேச்சிக்க மீன் மதி. நீ நாளையும் வரண்டா, மறுநாளும் வரண்டா.” எனக்க மீனே அவளுக்குப் போதுமாம், அவன் இனி வரவேண்டாமாம்.

அவனுக்கு முகம் செத்துப் போச்சு. ஆனாலும் நல்ல பையன். எனக்க வண்டிக்குப் பக்கத்துல வந்து குத்த வச்சு இருந்து அந்தப் பித்தளைத் திருகைப் பாத்தான். “எக்கா, இது என்னவாக்கும்?” நான் விளக்கினேன். அவன் எழும்பித் தனக்க லாரியத் திரும்பிப் பாத்தான். “எனக்க லாரியும் லோடு கேறினா வானத்துலதான் எக்கா அடிக்குது. வண்டிக்க குணம் அப்படிண்ணுல்லா நெனச்சேன். இது ஆரு செய்து தந்தா?”

எதிராளிக்குத் தொழில் ரகசியம் சொல்லப்பிடாது. ஆனா நான் சொன்னேன். “பாறசாலையில எனக்க தம்பி ராஜதாஸ். அவனுக்கட்டப் போ. லோடோட போ.”

அக்கா

*

பாறசாலை
6 ஆகஸ்ட் 2025

அக்கா,

தீபு வந்தான். லோடோடதான் வந்தான். கடை முன்னால் ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோடுவரை போயிற்று. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை அடைத்தார். அது போதாதென்று பால்காரன், வாழைக்குலை கொண்டுபோகிறவன், கேஸ் சிலிண்டர் போடுகிறவன், எல்லாரும் வந்து “சுகிர்தபாயக்காவுக்க லைட்டு போல வேணும்” என்கிறார்கள். ராஜதாசுக்க லைட்டு என்று ஒருத்தனும் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பலகையில் வேண்டுமானால் எழுதியும் வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து முற்றத்தில் நின்று நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீ கிணற்றுப் பக்கம் நின்றாய், அதனால்தான் சத்தமாகச் சொன்னேன். “இந்த ரோட்டுல வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு எங்க வீட்டுல ஒண்ணு உண்டு, அது எனக்க அக்கா. லைட்டு தெரிஞ்சவனும் நான் இல்ல, அவதான்.” முன்னே சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ராஜன் மட்டும் “ஆமென்” என்றான்.

இப்போது ஒரு காரியம் கேட்கணும். சாமான் எல்லாம் என்னிடம் உண்டு. ஆனால் மீன்காரனுக்கு எவ்வளவு லோடு கேறும், மழைநாளில் எவ்வளவு, பண்டிகைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் கேட்டால் ஒருத்தன் கூட்டிச் சொல்லுகிறான், ஒருத்தன் குறைத்துச் சொல்லுகிறான். வாரத்தில் ஒருநாள் கடைக்கு வந்து நில். நீ பார்த்துச் சொல், நான் அடையாளம் போடுகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் கையைக் காட்டு.

தம்பி

*

பெருங்கடவிளை
7 ஆகஸ்ட் 2025

தம்பி ராஜதாசுக்கு,

முற்றத்துல நீ சொன்னது கேட்டுது. ரெண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமாண்ணு நெனச்சேன், ஆனந்தபாய் எனக்க கையைப் பிடிச்சா.

உனக்க கடைக்கு நான் வரமாட்டேன். கோபத்துல இல்ல. அங்க வாறவன் உனக்காக லோடு கெட்டிக்கிட்டு வருவான், அது கள்ள லோடு. உள்ளது பொழியூர் கரையிலதான் இருக்கு. வலைய உதறி, ஏலம் முடிஞ்சு, ஐசு போட்டு, பெட்டிய இறுக்கிக் கெட்டுற அந்த நேரத்துலதான் வண்டிக்குச் சரியான கனம். அங்க ஒவ்வொருத்தனையும் வள்ளத்துக்கு முன்னால நிறுத்து, பெயின்டை எடு. கனம் நான் சொல்லுறேன், திருகு நீ போடு. உனக்கு வேண்டிய வண்டிக்காரங்க எல்லாம் அங்கேயே கிடைப்பாங்க. கடலைப் பக்கத்துல பாத்து உனக்கு எவ்வளவு நாளாச்சு?

திங்கக்கிழமை வா. விலாசினிக்கும் சொல்லி வச்சிருக்கேன், பின்னால ஏறி இருக்க ஆளு வேணும்லா.

உனக்க ஸ்கூட்டர் லைட்டு மின்னாமினுங்கு போல ஆக்கும், கண்ணாடியக் கர்ச்சீப்பால துடைச்சுத் துடைச்சு ஓட்டுவியாம், ஆனந்தபாய் சொன்னா. ஊருக்கெல்லாம் பல்பு விக்கிறவன்! அந்த லைட்ட நம்பி அரிச்ச ரோட்டுல தனியா இறங்காதே. உனக்க கேட்டுல வந்து ஹாரன் அடிப்பேன். வாயத் திறந்து “எழும்புலே”ண்ணும் சொல்லுவேன், கேட்டுக்கோ.

நான் முன்னால போவேன். நீ எனக்க பின்னால ஒட்டி வா.

அக்கா சுகிர்தபாய்